பழைய காரில் டிஸ்க் பிரேக்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே கிளம்பினாலும் கடைசியில் பிரேக்கில் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் என்று வந்த 1960, 70-களின் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடித்தால் டிஸ்க்; சுற்றும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடித்தால் டிரம். எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களும் அடிக்கடி உதாரணமாக வரும். உங்கள் வண்டியின் அளவுகளுக்கு அதன் சர்வீஸ் மேனுவலைத்தான் நம்ப வேண்டும்.

டிஸ்க் இருந்தும் பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குது. அந்தக் காலத்து டிசைனே அவ்வளவுதானா?

இல்லை. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதில் டன்லப் டிஸ்க் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நேர்ச்சாலை முடிவில் மற்றவர்கள் பிரேக்கைத் தொட்ட இடத்தைத் தாண்டியும் அந்தக் கார்கள் முழு வேகத்தில் போக முடிந்தது. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ், 1956-ல் ட்ரையம்ஃப் டிஆர்3 என்று டிஸ்க் சாலைக் கார்களுக்கும் வந்துவிட்டது. 1962-ல் வந்த எம்ஜிபியின் முன்சக்கரத்தில் 10.75 அங்குல டிஸ்க். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான வண்டிக்கு அது தாராளம்.

குறை பெரும்பாலும் டிசைனில் இல்லை, வயதில் இருக்கிறது. பேட்டைத் தள்ளும் பிஸ்டனில் துரு, ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் உள்ளே ஊதிப்போனது, தண்ணீர் குடித்த பிரேக் ஆயில், கண்ணாடியாக மினுங்கும் பேட். இவற்றோடு இன்னொன்று: ஆரம்பகால எம்ஜிபி போன்ற வண்டிகளில் கால் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் கிடையாது. இன்றைய காரில் கட்டைவிரலால் அழுத்திப் பழகியவர் அதில் ஏறினால் பிரேக்கே இல்லாத மாதிரிதான் தோன்றும். கால் பலத்தைக் கேட்கும் பிரேக் வேறு, கெட்டுப்போன பிரேக் வேறு.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? எதை முதல்ல மாத்தணும்?

எதையும் வாங்காமல் ஆரம்பிக்க வேண்டும். முதலில் டயரைப் பாருங்கள். வண்டியை நிறுத்துவது தரையைத் தொடும் ரப்பர்தான். பிரேக் அந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது, அவ்வளவே. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வருஷம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும். அதன் மேல் எந்த பிரேக்கை மாட்டினாலும் சறுக்கல்தான்.

அடுத்து ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன்சக்கரம் லேசான உரசலோடு சுற்ற வேண்டும். பிரேக்கை மிதித்து விட்டபின் இறுக்கமாகவே நின்றால் காலிப்பரிலோ (பிஸ்டனும் பேட்டும் உட்காரும், டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஹோஸிலோ கோளாறு. பின்னால் டிரம்மில் ஷூவை அட்ஜஸ்டரில் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பெடல் ஆழமாகப் போகிறது என்று வரும் புகார்களில் பாதி இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும். டிஸ்க் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், பழைய டிரம் அப்படியில்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள வெற்றிடம் முழுவதையும் உங்கள் கால்தான் கடக்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஆயில் லெவல் குறையவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?

குறையாததால் நல்லது என்று ஆகாது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை; புதிய டாட் 4 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் வரையறைப்படி அது 155 டிகிரிவரை இறங்கலாம். டாட் 3-ல் இது 205-லிருந்து 140. தொடர்ந்து பிரேக் பிடித்தால் காலிப்பர் இந்தச் சூட்டை எட்டிவிடும். ஆயில் கொதித்தால் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொட்டுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் அதே கணக்குதான். பல வருஷம் மாற்றாத ஆயிலை நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அந்தத் தண்ணீர்தான் உள்ளே பிஸ்டனையும் அரித்திருக்கும்.

டாட் 5 போட்டா மாத்தவே வேண்டாம்னு சொல்றாங்களே?

டாட் 5 சிலிக்கான் ஆயில். ஈரத்தை இழுக்காது, பெயின்ட்டையும் அரிக்காது. கண்காட்சி வண்டிக்காரர்கள் விரும்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் அதில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் எளிதில் தங்கும், பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். உள்ளே நுழையும் தண்ணீர் கரையாமல் தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கி அங்கே துருவை உண்டாக்கும். பழைய ஆயிலோடு இது சேரவே சேராது. மாற்ற நினைத்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் எல்லா ரப்பர் சீலையும் புதிதாகப் போட்டு, பைப்பையும் கழுவ வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. டாட் 5.1 என்பது சிலிக்கான் இல்லை, டாட் 4-ன் அண்ணன். ஓட்டுகிற வண்டிக்கு டாட் 4 போதும் என்பதே என் கட்சி.

நாலு தடவை ஏர் எடுத்தாச்சு, இன்னும் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு. என்ன பண்றது?

ஏர் எடுப்பது என்றால் ஆயில் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. முதலில் குனிந்து காலிப்பரில் பிளீடிங் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இடது காலிப்பரை வலதுபக்கமும் வலதை இடதுபக்கமும் மாட்டிவிட்டால் போல்ட் எல்லாம் அழகாக உட்காரும், பேட் உட்காரும், நிப்பிள் மட்டும் அடியில் போய்விடும். காற்று மேலே தங்கிக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தாலும் ஆயில்தான் வரும், காற்று வராது.

அது சரியாக இருந்தால் ஏர் எடுக்கும் முறையைப் பாருங்கள். பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். உள்ளே ஒருவர், சக்கரத்தடியில் ஒருவர். "மிதி", "பிடி", நிப்பிளைத் திற, மூடு, அதற்குப் பிறகுதான் "விடு". மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போகும். வேகவேகமாக மிதித்தால் குமிழி பொடியாகி ஆயிலோடு கலந்துவிடும்; மெதுவாக, முழுதாக மிதிக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் ரப்பர் ஹோஸ். யாரையாவது பெடலை அழுத்தச் சொல்லி ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், ஊதுவது விரலுக்குத் தெரியும். எவர்சில்வர் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றினால் பெடல் கல் மாதிரி ஆகும். பழைய காரில் போடும் காசுக்கு உடனே பலன் தெரிகிற மாற்றம் இது.

முதல் மிதி ஆழமா போகுது, ரெண்டாவது மிதி மேலேயே நிக்குது. இதுவும் ஏர்தானே?

காற்றாக இருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும். இங்கே ஆழமாகப் போனாலும் முடிவில் கெட்டியாக நிற்கிறது என்றால் வேறு விஷயம். பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் பாருங்கள் (இரண்டாவது கேள்வி). அது சரியென்றால் முன்சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கும். வளைவில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஆடும்போது டிஸ்க் சாய்ந்து இரண்டு பக்க பேட்டையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே தீர்ந்துபோகும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். டிஸ்க் நேராகச் சுற்றாவிட்டாலும் இதே கதைதான்.

பிரேக் அடிச்சா வண்டி இடதுபக்கம் இழுக்குது. இடதுபக்க காலிப்பரை மாத்திடலாமா?

அவசரப்படாதீர்கள். இடதுபக்கம் இழுத்தால் கோளாறு அனேகமாக வலதுபக்கம்தான். இடது வேலை செய்கிறது, வலது செய்யவில்லை. டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு வலது காலிப்பரைத் திறங்கள். பேட்டில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தால் அதைக் கழுவிப் போடுவதில் பயனில்லை, இரண்டு பக்கமும் சேர்த்து ஜோடியாக மாற்ற வேண்டும்.

எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் போன்றவற்றில் காலிப்பர் அசையாது. டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிஸ்டன். ஒன்றின் பேட் தேய்ந்து மற்றதன் பேட் அப்படியே இருந்தால் தேயாத பக்கத்துப் பிஸ்டன் ஜாம். வெளியே எடுத்தால் டஸ்ட் பூட்டுக்கு அடியில், குரோம் பூச்சு உரிந்து, அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள் தெரியும். எமரி போட்டுத் தேய்த்துத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழி புது சீலைச் சில மாதங்களில் கிழித்துவிடும். எவர்சில்வர் பிஸ்டன் கிடைக்கிறது, அதையே போடுங்கள். சீல் மாட்டும்போது எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தொடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். பிரேக் ரப்பருக்கென்று சிவப்பு கிரீஸ் இருக்கிறது.

பிஸ்டனைத் திரும்ப உள்ளே இழுப்பது ஸ்பிரிங் இல்லை. சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் சீல், மிதிக்கும்போது முறுக்கி, விட்டதும் நிமிர்வதுதான். சீல் கட்டையாகிவிட்டால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. சீல் நன்றாக இருந்தும் விலகவில்லையென்றால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது: கால் அழுத்தத்துக்கு ஆயில் போகும், திரும்பி வராது. நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால், பிடித்துவைத்திருப்பது அடைபட்ட ஆயில்தான் என்பது உறுதி.

எந்த பேட் போடறது நல்லது? ரேஸ் பேட் போட்டா இன்னும் பிடிக்குமா?

ரேஸ் பேட் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் வீட்டு கேட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மிதித்தால், நீங்கள் மாற்றி எறிந்த பேட்டை விட மோசமாக இருக்கும். டிஸ்க்கையும் தின்னும்.

பேட்டின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டைப் படியுங்கள். பல பேட்களில் அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு எஃப்எஃப் நல்ல தேர்வு. இ-யிலிருந்து எஃப்-க்குப் போனாலே காலுக்குத் தெரியும். முதல் எழுத்தை விட இரண்டாவது தாழ்ந்திருந்தால் மலையில் ஏமாற்றும்.

புது பேட் போட்டும் பழசை விட மோசமா இருக்கே?

பழகவில்லை. புது பேட் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகத் தன் பொருளைத் தடவிய பிறகுதான் முழுப்பிடிப்பு வரும். ஆள் இல்லாத ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15, 20 வரை மிதமாகப் பிடித்து விடுங்கள். இடைவெளி விட்டு ஒரு பத்து தடவை. முழுசாக நிறுத்தாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட் பொருள் திட்டாக ஒட்டிவிடும். முடிந்ததும் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது. டிஸ்க் வளைஞ்சிருச்சு, லேத்ல விட்டா சரியாயிடுமா?

நிஜமாக வளைந்த டிஸ்க் அபூர்வம். பெரும்பாலும் மேலே சொன்ன திட்டு, அல்லது டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் சிக்கிய துரு. டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, மறுபடி மாட்டி, பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் வைத்து, டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் பாருங்கள். பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு ஓட்டை தள்ளித் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும்.

லேத்தில் விடலாம், குறைந்தபட்சத் தடிமன் மிச்சமிருந்தால். அந்த அளவு டிஸ்க்கின் விளிம்பிலோ மேனுவலிலோ இருக்கும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. புது டிஸ்க் கிடைக்கும் வண்டியென்றால் நான் லேத் பக்கம் போக மாட்டேன்.

ஓட்டை போட்ட டிஸ்க் போட்டா கூலா இருக்குமாமே?

பார்க்க நன்றாக இருக்கும். ஓட்டை வந்ததே அந்தக் கால பேட் சூட்டில் விட்ட வாயு வெளியேறத்தான். இன்றைய பேட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. இரும்பைக் குறைத்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் எடையும் குறைகிறது, ஓட்டையின் விளிம்பில் விரிசலும் விழும். சூடு குறைய வேண்டுமென்றால் நடுவில் காற்றுப் போகும் இரட்டைத்தட்டு டிஸ்க்தான் வழி. அதற்கு அகலமான காலிப்பரும் வேண்டும். மழைக்கும் தூசிக்கும் கோடு வெட்டிய டிஸ்க் கொஞ்சம் உதவும்.

பூஸ்டர் போட்டா சீக்கிரம் நிக்குமா?

இப்போதே ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் லாக் ஆகிறதா? ஆகிறது என்றால் பூஸ்டர் நிற்கும் தூரத்தைக் குறைக்காது, கால்வலியைக் குறைக்கும். வயதானவர்களும் நகர நெரிசலில் ஓட்டுகிறவர்களும் தாராளமாகப் போடலாம். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு ஆயில் பைப்பின் நடுவில் இணைக்கும் தனி பூஸ்டர் உண்டு, பெடல் பெட்டியைத் தொட வேண்டியதில்லை. ஏற்கனவே இருக்கிற பூஸ்டரைச் சோதிக்க: எஞ்சினை அணைத்து நாலைந்து தடவை மிதித்துவிட்டு, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் வேலை செய்கிறது.

பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசலில் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) தானாகக் கிடைக்காது. மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசலில் அதற்கென்றே தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது. பம்ப் இல்லாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் பூஸ்டர் வெறும் டப்பா.

ஊருக்குள்ள நல்லா பிடிக்குது, மலை இறங்கும்போது மட்டும் பயமா இருக்கு. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேரோடு 1,100 கிலோ இருக்கும் காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 4.2 லட்சம் ஜூல் ஆற்றல் பிரேக்கில் சூடாக மாறும். 60-லிருந்து என்றால் 1.5 லட்சம்தான், வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், சூடு இரண்டே முக்கால் மடங்கு. அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 108 லட்சம் ஜூல். அதாவது 100-லிருந்து முழுசாக நிறுத்துவதை ஆறவிடாமல் இருபத்தைந்து தடவை செய்வதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்குகிறவர் இதைத்தான் செய்கிறார்.

ஏறும்போது போட்ட கியரிலேயே, தேவைப்பட்டால் அதற்கும் கீழே போட்டு இறங்குங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் பலமாக ஒருமுறை பிடித்து முழுசாக விடுங்கள். பிடிப்பு போகும்போது பெடல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் பேட் சூடாகிவிட்டது, எட்டாவது கேள்வியின் இரண்டாம் எழுத்து. பெடல் உள்ளே விழுந்தால் ஆயில் கொதிக்கிறது, மூன்றாவது கேள்வி. இரண்டிலும் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடத்தான் வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வெடிக்கும்.

பெரிய வண்டியோட காலிப்பரை எடுத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் காலிப்பர் தனியாக வருவதில்லை. ஸ்பிட்ஃபயருக்கு 9 அங்குல டிஸ்க், அதே குடும்பத்து ஜிடி6-க்கு 9.7 அங்குலம். மாற்ற விரும்புகிறவர்கள் டிஸ்க், காலிப்பர், ஹப், அதைத் தாங்கும் கட்டை என்று முழு செட்டாகத் தேட வேண்டும். பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும்; மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால் பெடல் ஆழமாகும்.

மாஸ்டர் சிலிண்டர் அளவிலும் இலவசமாக எதுவும் கிடைக்காது. முக்கால் அங்குலத்திலிருந்து எட்டில் ஐந்து அங்குலத்துக்கு, அதாவது 19-லிருந்து 16 மில்லிமீட்டருக்கு இறங்கினால், அதே கால் பலத்துக்கு 1.44 மடங்கு அழுத்தம் கிடைக்கும். பெடலும் 1.44 மடங்கு ஆழம் போகும். இன்னொரு பக்கம், முன்னால் பிடிப்பைக் கூட்டிவிட்டுப் பின்னால் அப்படியே விட்டால் பின் டிரம் சும்மா இருக்கும். பின்னால் மட்டும் கூட்டினால் அதைவிட ஆபத்து: பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். ஓட்டிப் பார்க்கும் காலி மைதானத்தில் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும்.

என்கிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு, நாலும் டிரம். முன்னாடி டிஸ்க் மாத்த முடியுமா?

முடியும், அதுவும் சொந்தக்கார வீட்டிலிருந்தே. 1961-லிருந்து சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் வழிதான். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு 12/50, 13/60 மாடல்களில் முன்னால் டிஸ்க் உண்டு, ஸ்பிட்ஃபயரில் தொடக்கத்திலிருந்தே உண்டு. அந்த செட் இன்றும் இங்கிலாந்திலிருந்து வருகிறது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று. டிரம் பிரேக்குக்கான அமைப்பில், மிதிக்காதபோதும் பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை வைத்திருக்கும் சிறு வால்வு இருக்கலாம். அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் விலகாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், சூடாகும், கடைசியில் ஆயில் கொதிக்கும். முன்பக்கப் பாதையிலிருந்து அதை எடுத்தாக வேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021 விதிகளின்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ வரிசையில் வின்டேஜ் பதிவு கேட்கப் போகிறவர்கள், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்ற நிபந்தனையையும் நினைவில் வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய டிரம் செட்டை விற்காமல் அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள்.

எல்லாம் பண்ணியாச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?

நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட் (ஆயில் பாதை) உள்ள வண்டியென்றால், டிஸ்க், பேட் எதையும் தொடாமல் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரைப் போடுவேன். ஒற்றை சர்க்யூட்டில் ஏதோ ஒரு மூலையில் பைப் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். அமெரிக்காவில் 1968-லிருந்து இரட்டை சர்க்யூட் கட்டாயம், அதனால் பல பிரிட்டிஷ் கார்களின் அமெரிக்க மாடல்களில் அதற்கான பாகம் கம்பெனியிலேயே வந்தது. எம்ஜிபிக்கும் அப்படித்தான். பெடல் பெட்டியும் மாறும், இடம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்குக் கை எட்டாவிட்டால், எல்லா இரும்பு பைப்பையும் தாமிர-நிக்கல் கலவைப் பைப்பாக மாற்றுங்கள். அது துருப்பிடிக்காது. பைப் பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில்தான் அரிக்கும், கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் வெளியே புதிதுபோலவே தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளையும் அதே நாளில் இறுக்கிவிடுங்கள்.